தானா வருதும்மா

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஜூன் மாதம், தென்காசியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிக்காரர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. வருடம் முழுக்க எட்டிப் பார்க்காத சொந்தமெல்லாம் போன் போட்டு, "அருவில தண்ணி விழுதா?" என்று கேட்கும். எங்கள் வீட்டில் அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு என் மாமனாருடையது. தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமியார் இறந்த பிறகு, பக்கத்து ஊரான கடையத்தில் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து இருந்தார். காலையில் காபி குடித்த கையோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிடுவார். மெயினருவியில் குளிக்க விடுகிறார்களா, ஐந்தருவியில் எவ்வளவு தண்ணீர் என்றெல்லாம் பார்த்து வைத்துக்கொண்டு, போன் வந்ததும் அருவியையே தான்தான் திறந்துவிட்டது போலப் பெருமையாகச் சொல்வார்.

நான் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. பிள்ளைகள் பொய் சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு.

அன்று சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்து உள்ளே நுழைகிறேன், கம்ப்யூட்டரில் அரைகுறை ஆடையோடு ஒரு பெண்ணின் படம். 'தென்காசியில் உங்களுக்காகக் காத்திருக்கிறாள்' என்று கீழே ஆங்கிலத்தில் வேறு. மாமனார் பதறிப்போய் ஒன்றை மூடினால் இன்னொன்று திறக்கிறது. அவருக்குப் பின்னால், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளிப் பையைக்கூட இறக்காமல் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஊர்ப் பெயரைத் தட்டித் தேடாமல் இது எப்படி வரும்? எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது.

"பொம்பளப் பிள்ள இருக்க வீடு மாமா இது."

"தானா வருதும்மா," என்றார். "நான் ஒண்ணையும் தொடல. அருவிதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"தானா வருதோ? நான் உக்காந்தா மட்டும் ஏன் வரமாட்டேங்கு?"

நான் அதில் வினாத்தாள் தட்டுவதோடு சரி. இன்டர்நெட் பார்ப்பதெல்லாம் என் போனில்தான். அந்த வித்தியாசம்கூட அப்போது எனக்கு உறைக்கவில்லை. மாமனார் எழுந்து போய்விட்டார்.

என் கணவர் முதலில் நம்பவில்லை. "அப்பாவையா சொல்லுத? அவுகளுக்கு மவுஸே ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதேட்டி," என்றார். நான் விடவில்லை. என் தொல்லை தாங்காமல் கம்ப்யூட்டருக்கு பாஸ்வேர்ட் போட்டார். அது என்னவென்று மாமனாருக்கு நாங்கள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. நான்காம் நாள் துணிப்பையோடு வந்து நின்று, "கடையத்து வயல்ல நாத்து நடணும், அங்கன ஆளு இல்ல. போயிட்டு வாரேம்மா," என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தப்பு செய்தவருக்கு எப்படிப் பார்க்க முடியும் என்றுதான் நினைத்தேன்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. என் தங்கையிடம் போனில் சொல்லிச் சிரித்தேன். அவள் யாரிடம் சொன்னாளோ, அந்த சீசனில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்கிற போனெல்லாம் எனக்கு வர ஆரம்பித்தது. "பெரியவுக இப்பல்லாம் கம்ப்யூட்டர் பாக்கதில்லையோ?" என்று ஒரு அத்தை கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து, மாமனார் போன பிறகு முதல் முறையாக, என் மகள் பள்ளி வேலைக்காக அந்தக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட்டைத் திறந்தாள். அதே படங்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள். "அம்மா, தாத்தாதான் இங்கன இல்லையே. இப்பமும் வருது பாரு!"

மறுநாளே பழுது பார்ப்பவரை வரச் சொன்னோம். அவர் என்னென்னவோ தட்டி ஒரு பட்டியலை எடுத்துக் காட்டினார்.

"அக்கா, இந்த பி.டி.எஃப். மாத்துத சாஃப்ட்வேர் யாரு ஏத்தினது? இலவசம்னு இருந்திருக்கும். அதோட மூணு விளம்பர ப்ரோகிராம் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. வாசிச்சுப் பாக்காம நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு அழுத்தியிருப்பீங்க."

"ஊர்ப் பேரு போட்டு வந்துச்சே?"

"அது நம்ம இன்டர்நெட் லைனை வச்சு அதுவே கண்டுபிடிச்சுக்கிடும். யாரு உக்காந்தாலும் தானா வரும்க்கா."

ஏற்றிய தேதி அதிலேயே இருந்தது. பள்ளி திறந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாசுதேவநல்லூரில் ஒரு கல்யாணத்துக்கு எல்லாரும் போயிருக்க, வினாத்தாள் வேலை இருக்கிறதென்று நான் மட்டும் வீட்டில் இருந்து, அந்த ஒரு தடவை கம்ப்யூட்டரில் இன்டர்நெட்டைத் திறந்த நாள். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்ய பழுது பார்ப்பவருக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"பழசை எதுக்குக் கிளறுத?" என்றார் கணவர். எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாளே லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி கடையத்துக்குப் போனேன். மாமனார் அடுக்களையில் தனக்கு மட்டும் சோறு பொங்கிக்கொண்டிருந்தார். அங்கேயே நின்று, "மாமா, அது நான் ஏத்தினதுதான். நீங்க சொன்ன மாதிரி தானா வந்ததுதான்," என்று சொல்லி அழுதேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"சரிம்மா, விடு," என்றார். அடுப்பைக் குறைத்தார். பிறகு, மற்ற சொந்தக்காரர்களைப் போலவே என்னிடம் கேட்டார். "அருவில தண்ணி விழுதா?"

தங்கையிலிருந்து அந்த அத்தை வரை எல்லாருக்கும் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். அன்று சிரித்துக்கொண்டே கேட்டவர்கள் இதை அரைக் காதோடு கேட்டுக்கொண்டார்கள். மாமனார் இப்போதும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருகிறார், இரண்டு நாள் இருக்கிறார், கம்ப்யூட்டர் இருக்கும் அறைப் பக்கம் போவதில்லை. பேத்தி போனை நீட்டினால்கூட, "நீயே பாத்துச் சொல்லு தாயி," என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். வகுப்பில் ஏதாவது ஒரு பிள்ளை "தானா ஆயிட்டு மிஸ்" என்று சொன்னால், இப்போதெல்லாம் நான் அதன் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை, என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேட்கிறேன்; ஆனால் அந்தப் பொறுமை எனக்கு வந்ததால் என் மாமனாருக்கு ஒன்றும் திரும்பக் கிடைக்கவில்லை.