அணைப் பூங்காவில் பத்துப் பேர்

மாமன் ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கியபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். மாமன் என்றால் அம்மாவின் தம்பி. திருப்பூர் பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஃபிட்டர். எட்டாவதோடு பள்ளியை விட்டவர், மூன்றாவது முயற்சியில் அந்தப் பரீட்சையில் தேறினார். லைசென்ஸ் இருந்தால் வீட்டிலிருந்தே வெளியூர் ஆட்களுடன் வயர்லெஸ்ஸில் பேசலாம். ஆனால் மாமனுக்கு அது போதவில்லை. பூங்கா, காடு என்று பட்டியலில் உள்ள ஓர் இடத்துக்குப் போய், மரத்தில் கம்பி கட்டி, அங்கிருந்தே பத்துப் பேருடன் பேசிவிட்டால் அந்த இடம் நம் பெயரில் பதிவாகும் என்று எங்கோ படித்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனும் அம்மாவும் நானும் வேனில் அமராவதி அணைப் பூங்காவுக்குக் கிளம்பினோம். கம்பெனி ஆபீஸில் கழித்துப்போட்ட யுபிஎஸ் பேட்டரி ஒன்று என் காலடியில். மைக்கை நான் தொடக் கூடாது, லைசென்ஸ் மாமனுக்குத்தான். ஆனால் பேசுகிறவர்களின் அழைப்புக்குறியை, அதாவது லைசென்ஸோடு தரும் எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளத்தை, ஆங்கிலத்தில் வேகமாக எழுத எங்கள் வீட்டில் வேறு ஆள் கிடையாது. அதனால் நோட்டு என் பொறுப்பு. பத்துப் பேரைப் பிடிக்கப் போகிறோம் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். மாமனைவிட எனக்குத்தான் பதற்றம்.

முறை என்னவோ சுலபம்தான். எதிராளி தன் குறியைச் சொல்வார். அவர் சத்தம் எப்படி வருகிறது என்று நாம் எண்ணில் சொல்ல வேண்டும். அவரும் சொல்வார். நன்றி. அரை நிமிஷம். இதெல்லாம் மாமனுக்கு மனப்பாடம். எங்கள் பக்கத்து மரியாதையும் மனப்பாடமாக இருந்ததுதான் தொல்லை.

“சத்தம் நல்லா வருதுங்க. சாப்டாச்சுங்களா? ஏனுங்க, அங்க மழைங்களா?”

மறுமுனையில் பாலக்காட்டுக்காரர். மழையைச் சொன்னார், பிறகு மகள் கல்யாணத்தைச் சொன்னார். மாமன் விடாமல் விசாரித்தார். அவர் மைக்கை அழுத்திப் பேசப் பேச, ரேடியோ திரையில் பேட்டரியின் அளவு இறங்கிக்கொண்டே வந்தது.

தக்காளிச் சோற்றுப் போசியை மடியில் வைத்துக்கொண்டு அம்மா சிரித்தார். “பத்துப் பேருகிட்டப் பேசோணும்னா பல்லடம் பஸ் ஸ்டாண்டுல போயி நின்னிருக்கலாமே தம்பி. இன்னேரம் நூறு பேராயிருக்கும்.”

“சித்த சும்மா இரு அக்கா.”

ஏழு பேர் ஆனார்கள். எட்டாவதாக வந்தவர் தூத்துக்குடிப் பக்கத்துப் பெரியவர், குரல் மெலிவு. முட்டியில் ஆபரேஷன் ஆகி வீட்டோடு கிடக்கிறாராம். அவருக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் தங்கள் குறியைச் சொல்லி நுழையப் பார்ப்பது எனக்கே கேட்டது.

“மாமா, அடுத்தவங்க நிக்கறாங்க மாமா.”

மாமன் என்னைக் கையமர்த்திவிட்டு, “ஒத்தடம் குடுக்கறீங்களா? ஊட்ல யாருங்க பாத்துக்கறாங்க?” என்றார். பெரியவர் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்து மருமகளிடம் நிறுத்தினார். ஆறுதலாக ஏதோ சொல்ல மாமன் மைக்கை அழுத்தினார். பேட்டரி தீர்ந்து திரை அணைந்துவிட்டது.

எட்டு.

உடுமலை தாண்டும் வரை நோட்டில் இருந்த எட்டுக் குறிகளையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டு வந்தேன். பிறகு அழுகையோடுதான் கேட்க முடிந்தது. “நன்றி சொல்லி கட் பண்ணியிருக்கலாமில்லீங்க மாமா?”

“பேசிட்டிருக்கற மனுசன அப்புடியே உட்டுப்போட்டு வர முடியுமா கண்ணு?” என்றார். அவர் முகமும் வாடித்தான் இருந்தது. கம்பெனியில் அவரும் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

அடுத்த மாதம் மறுபடி போனோம். நாங்கள் வரும் தேதியை மற்ற ரேடியோக்காரர்கள் பார்க்கும்படி மாமன் முன்கூட்டியே இணையத்தில் போட்டிருந்தார். பேட்டரி அதேதான். இந்தத் தடவை காரியத்தை அவரிடம் விடக் கூடாது என்று நானே இறங்கினேன். கயிற்று நுனியில் கல்லைக் கட்டி, முன்பு கம்பி கட்டிய கிளையைவிட இரண்டு ஆள் உயரம் கூடுதலான கிளைக்கு வீசினேன். நாலாவது வீச்சில் மாட்டியது. கம்பி மேலே ஏறியது.

மாமன் ஒரு தடவைதான் கூப்பிட்டார். ஒன்றின் மேல் ஒன்றாகக் குரல்கள் வந்து விழுந்தன. முதலில் தெளிந்தது அந்தப் பெரியவர்.

“வந்துட்டீயளா திருப்பூர்க்காரரே! காலைலருந்து காத்துக் கெடக்கோம். நம்ம கூட்டாளிய மூணு பேரு இருக்காவ, பேசாம போயிராதீய.”

அவர்களுக்குப் பின்னால் பாலக்காட்டுக்காரர். அவருக்குப் பின்னால் யார் யாரோ. எல்லாரும் மாமனை விசாரிப்பதிலேயே இருந்ததால் அவர் மைக்கை அதிகம் அழுத்த வேண்டியிருக்கவில்லை, பேட்டரியும் தாங்கியது. பதினொன்று!

பதினோராவது ஆளிடமும் மாமன் மழை விசாரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அதில் கவனமில்லை. அண்ணாந்து பார்த்தபடி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். திங்கட்கிழமை அறிவியல் நோட்டில் அந்த மரத்தை வரைந்து, பழைய கிளைக்கு எட்டு, புதிய கிளைக்குப் பதினொன்று என்று அம்புக்குறி போட்டு, உயரம் கூடினால் ஆட்களும் கூடுவார்கள் என்று கீழே எழுதிவைத்தேன். ஆசிரியரும் சரியென்று டிக் போட்டுக் கொடுத்தார்.