பின்பக்கம்

கோயில் திருவிழா நோட்டீசைப் புரட்டிப் போட்டு, வெறுமையான பின்பக்கத்தில் பென்சிலால் பன்னிரண்டு வட்டம் கீறுகிறார் ராகுலன். பன்னிரண்டு வட்டம், பன்னிரண்டு ஆட்டக்காரர். டொரொன்டோக் கல்லூரி ஒன்றின் ஃபுட்போல் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் அவர். யார் ஓடுவது, யாருக்கு எறிவது என்ற ஒவ்வொரு நகர்வும் பிறப்பது இப்படி யாரோ கொடுத்த தாள்களின் முதுகில்தான். கல்லூரி வாங்கிக் கொடுத்த ஐபேட் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. "உதிலை கீறினா எனக்கு மண்டை ஓடாது" என்பார்.

கலியாண வீடுகளில் அவர் பாடு சொல்லி மாளாது. "தம்பி, சொக்கர்தானே?" என்று யாராவது ஒரு அங்கிள் பிடித்துக்கொள்வார். "இல்லை அங்கிள், இது கையாலை எறியிறது." அப்படியென்றால் ஏன் ஃபுட்போல் என்று பெயர் என்ற அடுத்த கேள்வி வருமுன் வடையோடு நழுவிவிடுவார். ஏழு வயதில் ஊரைவிட்டு டொரொன்டோவின் பார்க்டேலுக்கு வந்தவருக்கு இப்போது நாற்பத்தாறு. அவர் நழுவுகிற கேள்வி இது ஒன்றுதான்.

பந்து தம் அணியிடம் இருக்கும்போது ஆட்டம் முழுக்க அவர் சொல்வதுதான். அந்த வேலைக்குத் தனியாக ஒரு பயிற்சியாளரை வைப்பது மற்ற அணிகளின் வழக்கம். "சமைக்க ஒராள், உப்புப் போட இன்னொராளோ?" என்று கேட்டு வாயை அடைப்பார்.

பிள்ளைகளை ஆளாக்குவதிலும் அதே பிடிவாதம். மோர்னிங்சைட் பகுதியிலிருந்து மிதுனன் அணிக்கு வந்தபோது அவனுக்கு ஓடத்தான் தெரியும். எறிந்தால் பந்து தள்ளாடும். இரண்டு வருடம், நாளுக்கு இருநூறு எறி. அவன் தாய் தவமலருக்கு ராகுலனே போன் எடுப்பார்: "அக்கா, உவன் வெறும் தேத்தண்ணியோடை வாறான். ரெண்டு முட்டை அவிச்சுக் குடுங்கோ." இன்று அணிக்காகப் பந்தெறிகிற குவாட்டர்பாக் அவன்தான்.

போன சனிக்கிழமை, ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்க, மூன்று புள்ளி முன்னால் நின்றார்கள். பந்தை அணைத்துக்கொண்டு ஓடி நேரத்தைக் கடத்தியிருந்தாலே போதும். ராகுலன் எறியச் சொன்னார். மிதுனன் எறிந்ததை எதிரணி பறித்துக்கொண்டு ஓடி வென்றுவிட்டது. பருவத்தின் ஐந்தாவது தோல்வி.

உடைமாற்றும் அறையில் மிதுனன் துவாய்க்குள் முகத்தைப் புதைத்திருந்தான். "தலையை நிமித்து. நான் சொன்னதைத்தான் நீ எறிஞ்சனி. பிழை என்ரை" என்றார், அணி முழுவதும் கேட்க. சொல்ல அவருக்கு வலித்தது.

செவ்வாய்க்கிழமை விளையாட்டுத்துறைத் தலைவர் றோயிடமிருந்து கடிதம் வந்தது. இனி நகர்வுகளைச் சொல்லப் புதிய பயிற்சியாளர் ஒருவர் வருவார். மிதுனன் ஆடாமல் வாங்கில் இருப்பான். சம்மதம் என்று வெள்ளி மாலை ஐந்துக்குள் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் திங்கட்கிழமையோடு வேலை இல்லை.

"வை மச்சான்" என்றார் துணைப் பயிற்சியாளர் வின்சன்ற், பள்ளிநாள் தோழர். "தலைமைக் கோச் எண்ட பேராவது மிஞ்சும்."

"பேரை வைச்சு என்ன செய்யிறது? விசிலைக் கழுத்திலை கொழுவிக்கொண்டு நிண்டு கைதட்டவோ?"

"வேலை போகும்."

"போகட்டும். சனிக்கிழமை ஆட்டத்துக்கு நான்தானே கோச்."

வெள்ளிக்கிழமை நாலேமுக்காலுக்குக் கடிதம் மேசையில் கிடந்தது. ராகுலனுக்குப் பயம் இல்லாமலில்லை. இந்த வேலையை விட்டால் அவருக்கு வேறொன்றும் தெரியாது. யன்னலுக்கு வெளியே மிதுனன் தன் இருநூறை எறிந்துகொண்டிருந்தான். நூற்றறுபது வரை ராகுலன் எண்ணினார். ஒன்றுகூடத் தள்ளாடவில்லை.

கீறுவதற்கு நோட்டீஸ் தேடினார். எல்லாம் தீர்ந்துவிட்டிருந்தன. கடிதத்தைப் புரட்டிப் போட்டார். பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. பன்னிரண்டு வட்டம் கீறி, நாளைய முதல் நகர்வுக்கு நேரே பென்சிலை அழுத்தி எழுதினார்: மிதுனன், எறி.