எட்டு மணித் தீர்மானம்

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது திண்டிவனத்தில் தாராளவாதத்தை முழுதாகப் புரிந்துகொண்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் அப்பா, இன்னொருத்தி நான். இதில் எனக்குத் துளி சந்தேகமும் இருந்ததில்லை. இப்போது விழுப்புரம் கோர்ட்டில் வாதாடுகிறேன். அந்த வயதில் இருந்த நிச்சயத்தில் பாதி இருந்தாலும் எல்லா வழக்கையும் ஜெயித்துவிடுவேன்.

அப்பா மயிலம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தினார். நாங்கள் செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. விளக்கைத் தேடி வரும் பூச்சி சோற்றில் விழுந்து செத்துவிடக் கூடாது. மண்ணுக்குள் விளையும் கிழங்கும் வெங்காயமும் ஆகாது. அப்பா இதையெல்லாம் படிக்கிற காலத்தில் விடுதியிலேயே விட்டுவிட்டார். கல்யாணமான மறுமாதம் அம்மாவை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், இருட்டியபிறகு வெங்காய பஜ்ஜி வாங்கிக்கொடுத்து அவளையும் விடுதலை செய்தாராம். இந்தக் கதையை மேடையில்கூடச் சொல்வார், கைதட்டல் விழும். பஜ்ஜி எப்படி இருந்தது என்று அம்மாவை யாரும் கேட்டதில்லை.

அம்மாவுக்கு விழுப்புரத்தில் அரசாங்க அலுவலகத்தில் வேலை. அந்த வருஷம் மழைக்காலம் தொடங்கியபோது, இனி தான் பொழுதோடு சாப்பிட்டுவிடப் போவதாகச் சொன்னாள். சாயங்காலத்துக்கும் டப்பாவில் எடுத்துப்போய் வழியிலேயே சாப்பிட்டுக்கொள்வாளாம். மற்றவர்கள் எப்போதும்போல எட்டு மணிக்குச் சாப்பிடலாம், வந்து சமைத்துவிடுவாளாம். காரணம் கேட்டதற்கு, மனசுக்குத் தோன்றுகிறது என்றாள். அவ்வளவுதான்.

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. ஊருக்கெல்லாம் விடுதலை சொல்கிற வாத்தியார் வீட்டிலேயே இப்படியா என்று நாலு பேர் கேட்பார்களே! ஆனால் தாராளவாதி கோபப்படக் கூடாது. யாரையும் கட்டாயப்படுத்துவது தனக்குப் பிடிக்காது என்றார். எட்டு மணிக்கு நால்வரும் சேர்ந்து சாப்பிடுவது இந்த வீட்டின் பொது விஷயம், அதனால் ஜனநாயக முறைப்படி வோட்டுக்கு விடலாம் என்றார்.

என் நோட்டிலிருந்து நான்கு துண்டுகள் கிழித்தேன். பால் சொம்புதான் வாக்குப்பெட்டி. நான்காவது வோட்டு சித்தப்பாவுடையது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரத்துக்காக எங்களோடு தங்கியிருந்த அவர், அண்ணன் எதைச் சொன்னாலும் ஆமாம் போடுகிறவர். எண்ணியது நான். மூன்றுக்கு ஒன்று. அம்மா சரி என்று சொல்லிவிட்டு தோசைக் கல்லை அடுப்பில் போட்டாள். அன்று எங்களோடு எட்டு மணிக்குச் சாப்பிட்டாள். அவளை மூடநம்பிக்கையிலிருந்து காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில் நான் ஒரு தோசை கூடுதலாகத் தின்றேன்.

அடுத்த வாரம் பள்ளியில் கட்டுரைப் போட்டி. அரசியலிலும் சமயத்திலும் தாராளவாதம் என்பது தலைப்பு. என்னை விட்டால் அதை வேறு யார் எழுதுவது? எவர் நம்பிக்கையிலும் எவரும் தலையிடாதிருப்பதே தாராளவாதம் என்று தொடங்கி, அதற்கு உதாரணமாக எங்கள் வீட்டு வாக்கெடுப்பையே விவரமாக எழுதி வைத்தேன். முதல் பரிசு கிடைத்தது. எவர்சில்வர் டப்பா, மூடியில் என் பெயர் வெட்டியிருந்தார்கள். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வேலைக்கு எடுத்துப்போகத் தருவாயா என்று கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்குப்பின் ராத்திரியில் எங்களுக்குப் பரிமாறிவிட்டு, தான் பிறகு போட்டுக்கொள்வதாகச் சொல்ல ஆரம்பித்தாள். பரிமாறுகிறவள் சாப்பிட்டாளா என்று நாங்கள் மூன்று பேரும் பார்க்கவில்லை. சேர்ந்து சாப்பிட வேண்டுமென்று வோட்டுப் போட்டவர்கள் நாங்கள்தான்.

ஒருநாள் பல்வலிக்கு விழுப்புரத்தில் காட்டிவிட்டு அம்மாவோடு பஸ்ஸில் திரும்பினேன். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் சூரியன் ஜன்னலுக்கு நேரே இறங்கிவிட்டது. அம்மா பையிலிருந்து என் பரிசு டப்பாவை எடுத்தாள். தயிர்சோறு. வெளியே ஒருமுறை பார்ப்பாள், ஒரு வாய் அள்ளிப் போடுவாள். பஸ் குலுங்கியதில் சேலையில் சிந்தியது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொழுது இருக்கச்சொல்லவே முடிச்சிடணும், அதான்" என்றாள் அம்மா. "அப்பா கேட்டா சொல்லு. கேக்கலன்னா வுட்டுடு."

அப்பா கேட்கவில்லை. ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே! எட்டு மணிக்குத் தட்டு போட்டதும், அம்மா தீர்மானத்தை மீறுகிறாள் என்று பார்த்ததையெல்லாம் எடுத்துச் சொன்னேன், சேலையில் சிந்திய சோறு உட்பட. சித்தப்பாவுக்குப் புரையேறியது.

"எத்தினி நாளா?" என்றார் அப்பா.

அம்மா ரசம் ஊற்றுவதை நிறுத்தவில்லை. "பாப்பா பரிசு வாங்கினதுலேர்ந்து."

அப்பா தட்டிலிருந்த சோற்றை அதற்குமேல் தொடவில்லை. ரசம் ஆறிப்போனது.

மறுநாள் காலையில் சமையலறையில் அப்பா நின்றிருந்தார். அந்த வீட்டில் அது பெரிய அதிசயம். என் டப்பாவில் தயிர்சோறு அடைத்துக்கொண்டிருந்தார். அளவு தெரியாமல் வைத்ததில் மூடி மூட மறுத்தது. அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், உதவிக்குப் போகவில்லை.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று பேர் சேர்ந்து எடுத்த முடிவை ஒருவர் மட்டும் மாற்றுவது சர்வாதிகாரம், மறுபடி வோட்டு எடுத்தாக வேண்டும் என்று கத்தினேன்.

"இத்த வோட்டுக்கே வுட்டிருக்கக் கூடாது பாப்பா" என்றார் அப்பா, மூடியை அழுத்திக்கொண்டே.

வோட்டுக்கு விடக் கூடாதது என்று உலகத்தில் ஒன்று உண்டா? அப்பாவே இப்படிக் கட்சி மாறிவிட்டாரே என்று அழுகை வந்துவிட்டது. பரிசு வாங்கிய கட்டுரையை எடுத்து, கடைசி வரிக்குக் கீழே, எங்கள் வீட்டில் தாராளவாதம் இன்று காலையோடு முடிந்தது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அது எங்கள் வீட்டுக்குள் முதல்முதலாக நுழைந்ததே அந்தக் காலையில்தான் என்பது தெரிய எனக்கு வெகுகாலம் பிடித்தது.