கரும்பச்சைப் பேனா

நன்றாகப் பாலிஷ் ஏறிய பேனாவை நிமிர்த்தி நிறுத்திப் படம் எடுத்தால், அதன் உடம்பில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு விழும். அது ஜன்னல் வெளிச்சம். எவ்வளவு அகலமான ஜன்னலானாலும் பேனாவின் உருளையில் ஒடுங்கி நூலாகிவிடும். அந்தக் கோடு எங்கும் உடையாமல் இருந்தால்தான் படத்தில் பேனா பேனாவாகத் தெரியும். இல்லாவிட்டால் கரித்துண்டு போல நிற்கும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. விருத்தாசலம் கடைவீதியில் ஒரு ஸ்டுடியோவில் நான் வேலை பார்த்த நாட்களில், பேனா கடையும் அண்ணன் வீட்டில் இருபது முப்பது படங்களைக் கெடுத்த பிறகு நானாகக் கண்டுகொண்டது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. எங்கள் ஊர் ஸ்டுடியோக்களுக்கு டிஜிட்டல் கேமராவும் கம்ப்யூட்டரும் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பாஸ்போர்ட் படத்தில் இல்லாத கோட்டு சூட்டு மாட்டுவது, கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் பருக்களை அழிப்பது, இறந்துபோனவர்களின் பழைய படத்தைப் பெரிதாக்கிப் பின்னால் நீல வானம் வைப்பது, இவைதான் என் வேலை. அழிக்கிற வேலையில் இந்தப் பெண்ணுக்குக் கை வேகம் என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் பேனா அண்ணன் வந்தார். பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கரண்டுக் கம்பத்து இன்சுலேட்டர் கடைந்துகொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு வீட்டிலேயே ஒரு லேத்தைப் போட்டு எபோனைட்டில் மைப் பேனா கடைய ஆரம்பித்திருந்தார். கெட்டியாக்கின ரப்பர்தான் எபோனைட். தடி தடியாகப் பார்சலில் வரும். கடையும்போது கந்தக நெடி அடிக்கும். வெளிநாட்டில் பேனா சேர்க்கிறவர்கள் சிலர் ஈமெயிலில் படம் பார்த்து வாங்கினார்கள். படம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஒரே கண்டிப்பு.

பேட்டைக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் அவருடையது கடைசி. முன்னறையில் லேத்து. அதற்குப் பின்னால், கொல்லையைப் பார்த்த பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே தகரக் கொட்டகையில் பாலிஷ் மோட்டார் ஓடும். அண்ணன் கடைவார், அண்ணி பாலிஷ் போடுவார். பாலிஷ் முடிந்த பேனாவை அண்ணி வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து தருவதில்லை. ஜன்னல் கம்பி வழியே நீட்டிவிடுவார். நீட்டியதும் போய்விடவும் மாட்டார். தலைக்கு மேல் ஒரு கையைத் தூக்கிக் குறுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் எடுக்கிற படம் கேமராவின் சின்னத் திரையில் எப்படி வருகிறது என்று எட்டிப் பார்த்தபடி நிற்பார். அவர் நின்றால் வெள்ளைக் கோட்டின் கீழ்ப்பாதி கறுத்துவிடும். தள்ளி நிற்கச் சொன்னால் உடனே விலகுவார். அடுத்த படத்துக்குள் திரும்ப வந்து நிற்பார். கொஞ்ச நாளில் நான் சொல்வதையே விட்டுவிட்டேன். கோட்டின் மேல்பாதியிலிருந்து வெள்ளையை எடுத்து அண்ணியின் மேல் பூசிவிட்டால் முடிந்தது. கம்ப்யூட்டரில் ஒரு நிமிஷ வேலை.

அண்ணிக்குக் கம்மாபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். அவர் பிறந்த வீட்டையும் நிலத்தையும் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டு பல வருஷமாகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. யாரிடமும் அதிகம் பேச மாட்டார். ஆனால் ஒருநாள், படம் எடுத்து முடித்து நான் கேமராவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது, கேட்காமலே சொன்னார்.

"எங்க வூடு இருந்த எடத்துல இப்ப வெறும் காத்துதாம்மா இருக்குது. வேலி ஓரமா நின்னு பாத்தா கீழ லாரி எறும்பு மாதிரி ஊர்ந்து போவுது. எங்கம்மா அடுப்பு எரிச்ச எடம் ஆகாசத்துல நிக்குது."

இதை அவர் துக்கமாகச் சொல்லவில்லை. ஒரு வழி சொல்வதைப் போலச் சொன்னார். சில நாட்களில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி அங்கே போய் நின்றுவிட்டு, சாயங்காலம் திரும்பி வந்துவிடுவார் என்று அண்ணன் சொல்லித் தெரிந்துகொண்டேன். அண்ணன் அதைத் தடுத்ததில்லை. எதற்குப் போகிறாய் என்று கேட்டதும் இல்லை.

ஒரு ஐப்பசி மழைக்காலத்தில், காலை பத்து மணி இருக்கும், அண்ணி கையைக் கழுவிக்கொண்டு மாம்பழ நிறப் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ் ஸ்டாண்டில் கம்மாபுரம் பஸ் பக்கத்தில் அவரைப் பார்த்ததாக ஒரு டீக்கடைக்காரர் சொன்னார். சாயங்காலம் அவர் திரும்பவில்லை. மறுநாளும் வரவில்லை. அண்ணன் போலீஸில் எழுதிக் கொடுத்தார். படம் கேட்டார்கள். இருபது வருஷத்துக்கு முந்தைய கல்யாணப் படம் ஒன்றுதான் இருந்தது, அதைக் கொடுத்தார். சுரங்க வேலி நெடுகத் தேடினார், சொந்தக்காரர் வீடுகளில் விசாரித்தார். எங்கேயும் துப்பு இல்லை.

பதினோராவது நாள் ஸ்டுடியோவுக்குப் போன் வந்தது. பேனாவைப் படம் எடுக்க வரச் சொன்னார் அண்ணன். எனக்குத் தயக்கமாக இருந்தது, ஆனாலும் போனேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் கரும்பச்சையில் ஒரு பேனா கேட்டிருந்தாராம். அதற்கான தடி, அண்ணி போன நாலாம் நாள்தான் பார்சலில் வந்தது. அதைக் கடைந்து, தானே பாலிஷும் போட்டு வைத்திருந்தார். இந்த நேரத்தில் வேலை எதற்கு என்று நான் கேட்காவிட்டாலும் என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். வேலையை நிறுத்தினால் அவள் வரமாட்டாள் என்று தானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றார்.

நடுப்பகல். மழை விட்டு நல்ல வெளிச்சம் இருந்தது. அண்ணன் லேத்துக்கு முன்னால், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நானும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பேன். வெளிச்சம் அப்படித்தான் வரும். கொல்லையில் மோட்டார் ஓடாததால் அறையே காது அடைத்தாற்போல இருந்தது. பேனாவை நிறுத்தி ஏழெட்டுப் படம் எடுத்தேன். அதில் ஒரு படத்தின்போது, "செத்த தள்ளி நில்லுங்கண்ணி" என்ற வார்த்தை என் வாய் வரை வந்துவிட்டது. பழக்க தோஷம் என்று நினைத்து, அண்ணன் மனசு நோகுமே என்று விழுங்கிக்கொண்டேன். ஸ்டுடியோவுக்குத் திரும்பி, இருந்ததில் நல்ல படத்தைத் தேர்ந்தெடுத்து, கோட்டைச் சரிசெய்து, ஈமெயிலில் அனுப்பினேன். என்ன சரிசெய்தேன் என்பது மனதில் பதியவே இல்லை. கை செய்தது.

அதற்கு ஒன்பது பத்து நாள் கழித்துப் பெண்ணாடம் பக்கம் வெள்ளாற்று நாணலில் ஒரு பெண்ணின் உடல் ஒதுங்கியது. முகம் அடையாளம் தெரியவில்லை. மாம்பழ நிறப் புடவை. கால் மெட்டியைப் பார்த்து அண்ணன் ஆமாம் என்றார். தண்ணீரில் கிடந்து இருபது நாள் ஆகியிருக்கும் என்றார்களாம். கம்மாபுரம் ஒரு திசை, பெண்ணாடம் நேர் எதிர்த் திசை. இங்கே எப்படி வந்தாள் என்ற கேள்வி எல்லோருக்கும் இருந்தது. அழுது ஓய்ந்த வீட்டில் அதைக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. அண்ணனே கொள்ளி வைத்தார்.

கருமாதிக்கு மாலை போட ஒரு படம் வேண்டும் என்று வந்தார். கல்யாணப் படத்தைப் பெரிதாக்கித் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். "அது வேற ஆளும்மா. அந்தப் பொண்ண எனக்கே சரியாத் தெரியாது."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் திருத்தாத மூலப் படங்கள் எல்லாம் சிடிக்களில் பத்திரமாக இருந்தன. ஒரு வருஷமாக நான் அழித்த அண்ணியெல்லாம் அவற்றில் அப்படியே நின்றுகொண்டிருப்பார். முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, மதியச் சாப்பாட்டு வேளையில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். கறுப்புப் பேனா, காப்பிநிறப் பேனா, சிவப்புக் கீற்று ஓடிய பேனா. ஒவ்வொன்றின் வெள்ளைக் கோட்டிலும் கறுப்பு நூல் போல ஒரு உருவம். அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பக்கவாட்டில் இழுத்தேன். நூல் குச்சியாகி, குச்சி விரிந்து, தோளும் கழுத்தும் தூக்கிய கையுமாக அண்ணி வந்தார். ஒன்றில் முகத்தின் ஒரு பக்கம்கூடத் தெரிந்தது. மாலை போட அது போதும் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே அடுத்ததைத் திறந்தேன். அது கரும்பச்சைப் பேனா.

கோட்டின் கீழ்ப்பாதி கறுத்திருந்தது. இழுத்தேன். தூக்கிய கை, குறுக்குக் கம்பி, சாய்ந்த தலை. கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றேன். கடைவீதியில் பஸ்ஸும் டிராக்டரும் போய்க்கொண்டிருந்தன. நல்ல வெயில். அவ்வளவு வெயிலிலும் என் பின்னால் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கருமாதி முடியும்வரை சொல்லவில்லை. முடிந்த மறுநாள் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் அதை வாங்கி, தடியின் விட்டத்தை அளப்பவர் போலக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். கேமராவில் தேதி தப்பாக விழுந்திருக்கலாம், பழைய படம் கலந்திருக்கலாம் என்று நானே அவருக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். அந்த நிறத்தில் ஒரு தடி அதற்கு முன்னால் தன் வீட்டுக்கு வந்ததே இல்லை என்றார். அண்ணி கை படாத பேனா அது.

பிறகு நிதானமாகக் கேட்டார்: "அப்ப நான் யாருக்கும்மா கொள்ளி வச்சேன்?"

படத்தில் நின்றது உயிரோடிருந்த அண்ணி என்றால், எரித்தது யாரோ ஒருத்தியை. அவளை அவள் வீட்டார் இன்னும் எங்கேயோ தேடிக்கொண்டிருப்பார்கள். எரித்தது அண்ணியைத்தான் என்றால், படத்தில் நின்றது எது?

அக்கம்பக்கத்துப் பெண் யாராவது நின்றிருக்கலாம், முருங்கை மரத்து நிழலாக இருக்கலாம் என்று, அன்றே பேனாவை அதே இடத்தில் நிறுத்திப் பார்த்தோம். அண்ணன் வெளியே போய் ஜன்னலில் நின்றார். அவர் தலை பேனாவில் மூடி தொடங்கும் விளிம்புக்கு மேலே போனது. அந்த உருவத்தின் தலை மூடிக்குக் கீழே, அண்ணி எப்போதும் நிற்கும் உயரத்தில் இருந்தது. முருங்கை நிழல் ஜன்னல் பக்கமே வரவில்லை. பக்கத்து வீட்டில் குடியிருந்தவர்கள் அந்த வாரம் திட்டக்குடிக்குப் போயிருந்தார்கள். அண்ணன் ஜன்னலிலிருந்து நகர்ந்த பிறகும் நான் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோடு முழுதாக வெளுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளுத்தது.

இருவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது ஒரு கறுப்புக் கோடு, இதை வைத்து எதையும் சொல்ல முடியாது என்றார். அவர் சொன்னது நியாயம்தான். தெரியாதவருக்கு அது கோடு. அண்ணன் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அதற்குப் பிறகும் பல வாரம் கம்மாபுரம் பஸ்ஸில் போய் வேலியோரம் நடந்து விசாரித்துவிட்டு வந்தார். தான் எரித்த பெண்ணுக்கு வருஷம் தவறாமல் திதி கொடுத்தார். கொல்லைக் கதவைத் தாழ் போடாமலும் விட்டிருந்தார். இரண்டில் எதை நம்புகிறீர்கள் என்று நான் அவரைக் கேட்டதில்லை.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, சென்னைக்குப் போகும் முன்பு சொல்லிக்கொள்ளப் போனேன். பேனாவில் நிப்பு செருகும் கழுத்தைப் புது மாதிரியாகக் கடைந்திருப்பதாகக் காட்டினார். பேச்சு நின்ற இடத்தில், லேத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் படத்துல அவ எங்கம்மா பாத்துக்கிட்டு நிக்கிறா? ஒன் கேமராவையா?"

அதில் முகம் என்று எதுவும் இல்லை. எவ்வளவு இழுத்தாலும் நாலைந்து கறுப்புப் புள்ளிதான். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு வருஷமாக அவர் இருந்த இருப்பைப் பார்த்தவளுக்கு, ஏதாவது ஒரு ஆறுதல் சொல்லிவிட்டுப் போக வேண்டும் போலிருந்தது.

"இல்லண்ணே," என்றேன். "ஒங்களத்தான் பாக்கறாங்க."

அவர் துடைப்பதை நிறுத்தினார். அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, தான் உட்காரும் ஸ்டூலையும் அதற்குப் பின்னாலிருந்த ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். "திரும்பியிருக்கலாம்," என்றார். "ஒரு தரம் நான் திரும்பிப் பாத்திருக்கலாம்." போயிட்டு வரேன் என்றதற்குத் தலையை மட்டும் அசைத்தார்.

இப்போது நகைக்கடைகளுக்குப் படம் எடுக்கிறேன். தங்கத்தில் விழுகிற நிழலையெல்லாம் கம்ப்யூட்டரே கண்டுபிடித்து அழித்துவிடுகிறது. அழிக்கட்டுமா என்று நம்மைக் கேட்பதுகூட இல்லை. சில வருஷங்களுக்கு முன்பு ஒரு கல்யாணத்துக்காக விருத்தாசலம் போனபோது பேட்டைப் பக்கம் நடந்து போனேன். அண்ணனுக்கு முழுதும் நரைத்திருந்தது. லேத்தைப் பெயர்த்து ஜன்னலுக்கு நேராகத் திருப்பிப் போட்டிருந்தார். கடைகிறவர்கள் யாரும் அப்படிப் போட மாட்டார்கள். வெளிச்சம் கண்ணில் குத்தும், கையிலிருக்கும் வேலை இருட்டாகத் தெரியும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, விரல் நுனியால் தடவித் தடவிக் கடைந்துகொண்டிருந்தார். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தலையைத் தூக்கிக் கம்பிக்கு அப்பால் பார்த்தார். அந்தப் படத்தில் முகமே இல்லை, நான் சொன்னது என் கற்பனை என்று சொல்லிவிடத்தான் போயிருந்தேன். டீ வாங்கிக் கொடுத்தார், குழந்தைகளைப் பற்றிக் கேட்டார். நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.