முனியாண்டி விழாத ஆட்டம்

அலோர் ஸ்டார் பக்கம் மெர்கோங்கில் நான் வாடகைக்கு இருக்கும் அறைக்குக் கீழே, தெருமுனையில் ஒரு டோபிக்கடை இருக்கிறது. காசு போட்டால் இயந்திரமே துவைத்து, இயந்திரமே காயவைத்துக் கொடுக்கும் கடை. வெள்ளிக்கிழமை காலையில் வேலை இல்லாததால் வாரத் துணியை மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போவேன். காயவைக்கும் இயந்திரத்தின் கதவைத் திறந்ததும் ஒரு சூடு முகத்தில் அடிக்கும். வெந்த தூசியும் பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. மற்றவர்களுக்கு அது துணி வாசனை. எனக்கோ சார்ஜரில் கிடந்து கிடந்து கொதித்துப்போன கையடக்க வீடியோ விளையாட்டுப் பெட்டியின் வாசனை.

இத்தனைக்கும் இந்த டோபிக்கடை முன்பு ஒரு கம்ப்யூட்டர் கடையாக இருந்தது. இப்போது காயவைக்கும் இயந்திரங்கள் வரிசையாக நிற்கிற சுவரோரத்தில்தான் அன்றைக்கு மடக்கு மேசை போட்டு இறுதிச்சுற்றை நடத்தினார்கள். அங்கேதான் கோலாலம்பூர் போகும் வாய்ப்பை நான் விட்டேன். 'விட்டேன்' என்பது என் சொல். என் நண்பன் ஹமீதிடம் வேறு சொல் இருக்கிறது. ஜித்ராவில் அவன் அத்தா நடத்திய சாப்பாட்டுக் கடையை இப்போது அவன் நடத்துகிறான். நான் போய் உட்கார வேண்டியதுதான், பக்கத்து மேசைக்காரரிடம் ஆரம்பித்துவிடுவான்.

"அண்ணே, இவன நல்லாப் பாத்துக்குங்க. எல்லாரையும் ஜெயிச்சிட்டு வந்து, கடைசி ஆட்டத்துல ஒரு பொம்மைக்குப் பாவம் பாத்து சரண்டர் பண்ணவன் இவன்தான்லா!"

இத்தனை வருடமாக நானும் சிரித்துக்கொண்டே தே தாரிக் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு வந்திருக்கிறேன். இனிமேல் சிரிப்பதாக இல்லை.

விளையாட்டு எளிமையானதுதான். விதவிதமான மிருகங்களைப் பிடித்து வளர்த்து, ஆறு பேர் கொண்ட ஓர் அணி சேர்க்க வேண்டும். எதிரியும் ஓர் அணியோடு வருவான். களத்தில் ஆளுக்கு ஒரு மிருகம்தான் நிற்கும். நீ ஒரு முறை, நான் ஒரு முறை என்று அடித்துக்கொள்ள வேண்டும். வேகமானது முதலில் அடிக்கும். நீர் நெருப்பையும் கல்லையும் சாய்க்கும். அடிக்க வேண்டிய முறையில் அடிக்காமல், களத்தில் நிற்பதை உள்ளே இழுத்துவிட்டு வேறொன்றை அனுப்பலாம். ஆனால் அப்படிப் புதிதாக வருவது, எதிரி ஓங்கிய அடியை வாங்கிக்கொண்டுதான் வரும். இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு உலகம் முழுக்க ஆட்கள் பைத்தியமாகத் திரிந்தார்கள். நானும் திரிந்தேன்.

பெட்டியை வாங்கிக் கொடுத்தது அக்கா. கையுறைத் தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஒரு பெண்ணின் தம்பி வைத்திருந்த பழைய பெட்டி அது. மூடியில் ஒரு கீறல் இருந்தது. பீடோங்கிலிருந்து உள்ளே தள்ளியிருந்த தோட்டத்தில், செம்பனை மரங்களுக்கு நடுவே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீடு. அந்த வீட்டில் பள்ளியில் மூன்றாம் பாரத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். அக்கா என்னைவிடக் கெட்டிக்காரி, சந்தேகமே வேண்டாம். ஆனால் மூன்றாம் பாரத்தோடு நின்றாள். "நீ படி, நான் வேலைக்குப் போறேன்" என்று ஒரு நாள் பசியாறும்போது சொன்னாள், யாரும் மறுத்துப் பேசவில்லை. ஒருவர் நின்றால்தான் இன்னொருவர் போகலாம் என்ற கணக்கு எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் இருந்தது. ரொட்டிக்குக் காரச் சம்பல் மாதிரி, அதைப் பற்றி யாரும் வியந்து பேசியதில்லை.

டிப்ளோமா படிக்க ஜித்ராவுக்குப் போனபோது பெட்டியும் கூட வந்தது. அங்கேதான் ஹமீது. ஒரே வகுப்பு. அவன் ஆட்டத்தை இணையத்தில் படித்துத் தெரிந்துகொண்டவன். "மாப்ள, யோசிக்காத. பெரிய பெரிய ஆளுங்க எந்த ஆறு வெச்சிருக்காங்களோ அத அப்படியே வெச்சிக்க. முடிஞ்சிச்சு" என்பான். எல்லாருடைய அணியும் ஒரே அணியாக இருந்தது. வேகமான ஆறு. மிருகத்தை முட்டையிலிருந்து பொரிக்க வைத்து, வேகம் குறைவாக இருந்தால் விட்டுவிட்டு அடுத்த முட்டைக்குப் போவார்கள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. வேண்டாம் என்று அவர்கள் விடுகிற மந்தமானதுகளைத்தான் நான் தேடிப் பொரித்தேன். வார இறுதியில் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், அலோர் ஸ்டார் தாண்டி வயல் வயலாகப் போகும் தூரமெல்லாம் பெட்டிக்குள் முட்டையோடு நடந்துகொண்டே இருப்பேன்; ஆட்டத்தில் நடந்தால்தான் முட்டை பொரியும். காரணம் இருந்தது. ஒரு குட்டி மிருகத்துக்கு விசித்திரமான வித்தை தெரியும். அது கையைத் தூக்கினால் சில சுற்றுகளுக்குக் களம் தலைகீழாகிவிடும். மெதுவானது முதலில் அடிக்கும், வேகமானது வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்தில் கையைத் தூக்கியே எல்லாரையும் ஆட்டிவைத்த எங்கள் தோட்டத்துக் கணக்கரான கிராணியின் நினைவாக அதற்குக் 'கிராணி' என்று பெயர் வைத்தேன். எவ்வளவு அடித்தாலும் தாங்கும் குண்டு மிருகம் ஒன்று. பெற்றோர் வேலைக்குப் போகும்போது விட்டுப்போகும் பிள்ளைக் கொட்டகையில் எங்கள் எல்லாரையும் சமாளித்தவரின் நினைவாக அது 'ஆயா'. நெருப்புப் பறவைக்குச் 'சம்பல்'. அணியில் வேகமானது அது ஒன்றுதான். கொம்பு இரண்டும் மீசையைப் போல் முறுக்கிக்கொண்டிருந்த, மலை மாதிரி அசையாத கல் மிருகத்துக்கு வேறு என்ன பெயர் வைக்க முடியும்? தோட்டத்து நுழைவாயிலில் கையில் அரிவாளோடு நிற்பவரின் பெயர்தான். முனியாண்டி.

அங்கேதான் வினை.

ஒரு சனிக்கிழமை வீட்டில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தேன். ஹமீது ஜித்ராவிலிருந்து இணையத்தில் எதிராட்டம். தோற்கிற கோபத்தில், "ஐயோ, முனியாண்டி செத்தான்!" என்று கத்திவிட்டேன்.

அம்மா கொல்லையில் காலணிச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒற்றைக் காலணியோடு உள்ளே ஓடி வந்தார். "யாருடா? எந்த முனியாண்டி? மேட்டு லயத்து முனியாண்டியா?"

"இல்லம்மா. கேம்லம்மா. இது வந்து மிருகம். பேரு முனியாண்டி. அடி வாங்கி மயங்கி விழுந்துருச்சு."

அம்மா பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாமி பேர வெச்சி, சண்டைக்கு வுட்டு, அடி வாங்க வெக்கிறியா? டிப்ளோமாலாம் படிக்கிறல்ல நீ?"

"நம்ம தோட்டத்துல எத்தன பேருக்கு அந்தப் பேரு இருக்கும்மா..."

"மனுசனுக்கு வெக்கலாம். மனுசன் கும்புட்டுட்டு வெப்பான். நீ கும்புட்டியா?"

சரி, பெயரை மாற்றிவிடுகிறேன் என்றேன். அது அதைவிடப் பெரிய தப்பு. "குடுத்த பேரப் புடுங்குவியா? அவரு என்ன, ஒனக்குக் கூலியா? வெச்சது வெச்சிட்ட. இனி அவரு விழாமப் பாத்துக்க."

"மத்தது விழலாமா?" என்று அக்கா அடுப்படியிலிருந்து கேட்டாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மத்தது என்னென்ன?"

"கிராணி இருக்காரும்மா."

அம்மா ஒரு நிமிடம் யோசித்தார். "கிராணி விழட்டும்" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா நுழைவாயிலுக்குப் போய் முனியாண்டிக்குச் சுருட்டு பற்றவைத்துவிட்டு, பையன் தெரியாமல் செய்துவிட்டான் என்று சொல்லிவிட்டு வந்தார். நானும் கூடப் போய் நின்றேன். விழவிட மாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தக் கல் மிருகத்தை 'அது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஹமீதிடம் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டான். "டேய், சண்டைக்குப் போற ஆளுக்கே பாடிகார்டு வெக்கிறியா நீ?" ஆமாம், அப்படித்தான் வைத்தேன். அணியைக் கலைத்துவிட்டு, ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு மறுபடி கட்டினேன்: அவர் விழாமல் எப்படி ஜெயிப்பது? கிராணி முதலில் போய்க் களத்தைப் புரட்ட வேண்டும். முனியாண்டி வந்து முதல் அடியை அடித்துவிட்டு, பதிலடி வலுப்பதற்குள் உள்ளே போய்விட வேண்டும். ஆயா வந்து தாங்க வேண்டும். ஆரம்பத்தில் உதை மேல் உதை; அவர் விழும் நிலை வந்தால் சரணடைந்துவிடுவேன். பிறகு மெல்லப் பிடிபட்டது. பத்திரமாக வைத்திருப்பதாலேயே அவர் ஆட்டத்தின் கடைசி வரைக்கும் இருந்தார். கடைசி வரை இருக்கிற முனியாண்டியைச் சமாளிக்க யாரிடமும் வழி இல்லை. ஹமீதே என்னிடம் வரிசையாகத் தோற்க ஆரம்பித்தான். "இது ஆட்டமே இல்லலா, பூசை" என்றான்.

மெர்கோங் கடையில் போட்டி வைத்தார்கள். ஜெயிப்பவர் கோலாலம்பூரில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம். அந்த வயதில் எனக்கு அது எவ்வளவு பெரியது என்று இப்போது சொன்னால் வெட்கமாகக்கூட இருக்கிறது. படிப்புக்கல்லாமல், வேலைக்கல்லாமல், நான் நன்றாகச் செய்கிற ஒன்றுக்காக ஓர் இடத்துக்குக் கூப்பிடுகிறார்கள். எங்கள் லயத்தில் யாரையும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அக்கா சிப்டு முடிந்து, சீருடையோடு, தூங்காமல் அப்படியே பஸ் ஏறி வந்தாள். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தாள்.

இறுதிச்சுற்றில் எதிரே உட்கார்ந்தவன் டவுன் குடியிருப்பான தாமானிலிருந்து வந்த பையன். நல்ல சட்டை, நல்ல பெட்டி, இணையத்தின் அதே ஆறு. என் அணியைத் திரையில் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"ப்ரோ, இதெல்லாம் யாரு ப்ரோ யூஸ் பண்றா? தோட்டத்துல புடிச்சீங்களா?"

"ஆமா, தோட்டத்துலதான் புடிச்சேன்" என்றேன்.

இறுதிச்சுற்று ஒரே ஆட்டம்தான். அதன் கடைசிக்கும் வந்துவிட்டோம். அவனிடம் மிச்சம் ஒரே ஒரு நீர் நாகம், அதுவும் அடிபட்டது. என்னிடம் இருவர். களத்தில் முனியாண்டி, உயிர் நூலில் தொங்குகிறது. உள்ளே சம்பல், ஒரு கீறல்கூட இல்லை. கிராணி புரட்டிய களம் பழையபடி திரும்பிவிட்டது. அடுத்த அடி நாகத்துடையது.

கணக்கு தெளிவாக இருந்தது. முனியாண்டியை அப்படியே நிற்க விட வேண்டும். அலையில் விழுவார். விழுந்த பிறகு சம்பல் அடிபடாமல் இறங்கும். நாகத்தைவிட அது வேகம். ஒரு கொத்து, ஆட்டம் முடிந்தது, கோலாலம்பூர். மாறாக, அவரை உள்ளே இழுத்தால் சம்பல் அந்த அலையை வாங்கிக்கொண்டு வர வேண்டும். நெருப்புப் பறவை, நீர் அடி. அலை குறி தவறினால் மட்டும் பிழைக்கும். எப்போதாவது தவறும்.

"நிக்க வுடுலா! நிக்க வுடு!" என்று ஹமீது என் முதுகுக்குப் பின்னால் துடித்தான்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அக்கா உட்கார்ந்தபடியே கண் செருகிக்கொண்டிருந்தாள். கச்சான் பொட்டலம் மடியில். ஒருவர் விழுந்தால் ஒருவர் போகலாம். அந்தக் கணக்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதில் வந்தவன்தான் நான். கிராணியும் ஆயாவும் விழவில்லையா என்று ஹமீது இன்றைக்கும் கேட்கிறான். விழுந்தார்கள். சண்டையில் விழுந்தார்கள். விழட்டும் என்று நான் யாரையும் வைத்துவிட்டுப் போகவில்லை.

முனியாண்டியை உள்ளே இழுத்தேன்.

அலை தவறவில்லை. சம்பல் விழுந்தது. களத்துக்கு இனி முனியாண்டி மட்டும்தான். அடுத்த அலையில் அவரும் விழுவார். மூலையில் சரணடையும் பொத்தான் இருந்தது. யாரும் அதை இறுதிச்சுற்றில் அழுத்துவதில்லை. அழுத்தினேன்.

தாமான் பையன் முதலில் சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஏன் ப்ரோ?" என்றான், உண்மையாகவே. ஹமீது வெளியே போய் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தான். அக்கா கண்ணைத் தேய்த்துக்கொண்டே எழுந்து வந்தாள்.

"முடிஞ்சிருச்சா? தோத்துட்டியா?"

"ம்."

"முனியாண்டி விழுந்துட்டாரா?"

"இல்லக்கா."

"அப்ப சரி. வா, சாப்டப் போலாம். பசிக்குது."

அந்தக் கடையில் இப்போது துணி சுழல்கிறது. தாமான் பையன் எங்கே இருக்கிறானோ தெரியாது. இணைய ஆட்டத்துக்கான சர்வரையும் மூடிவிட்டார்கள். ஹமீதோடுகூட இனி அந்தப் பெட்டியில் தூரத்திலிருந்து ஆட முடியாது. தோட்டத்தையும் விற்றுவிட்டார்கள். லயம் இருந்த இடத்தில் செம்மண்ணைத் தள்ளி வீடமைப்புத் திட்டம் எழும்புகிறது. அம்மாவும் அக்காவும் பீடோங்கிலேயே ஓர் அடுக்குமாடியில் இருக்கிறார்கள். மேட்டு லயம், கொட்டகை, பிரட்டுக் களம் எதுவும் இல்லை.

நுழைவாயிலில் நின்றவரையும் எடுத்துவிட்டார்கள். வேறு இடத்தில் வைப்பதாகச் சொல்லித்தான் எடுத்தார்கள். அன்றைக்கு அம்மா போயிருந்தார். கயிறு கட்டி, சாய்த்து, லாரியில் மல்லாக்கப் படுக்கவைத்துக் கொண்டுபோனதைப் பார்த்துவிட்டு வந்தார். அரிவாள் தனியாகக் கிடந்ததாம். வேறு இடம் எது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அம்மா அழவில்லை. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஒன் பெட்டியில இருந்தாரே, அவரு இருக்காரா?"

பெட்டியைத் தேடி எடுத்தேன். மின்கலம் உப்பியிருந்தது. சார்ஜரில் போட்டு, அந்தச் சூட்டு வாசனை எழும்பும் வரைக்கும் காத்திருந்து, திறந்து காட்டினேன். மீசைக் கொம்போடு, முழு உயிரோடு, மலை மாதிரி.

"நிக்கிறாரும்மா."

அம்மா இரண்டு கையையும் தூக்கி, அந்தக் கீறல் விழுந்த பெட்டியைக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். முதல் தடவையாக.

ஆகவே ஹமீது, அடுத்த முறை பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லும்போது சரியாகச் சொல். அன்றைக்குத் தோற்றது நான். அவர் விழவில்லை.