கொக்கிளாய்க் களப்பும் இரண்டு சோற்றுப் பார்சலும்

பங்குனி மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, காலை 6.20க்குத் திருகோணமலை டவுனிலிருந்து ஸ்கூட்டரை எடுத்தோம். அன்றிலிருந்து பத்தாவது நாள் நான் கனடாவில் இருக்க வேண்டும். கணவர் மூன்று வருடமாக எட்மன்டனில் இருக்கிறார். அங்கே வசந்தம் எப்படி என்று கேட்டதற்கு, வாசலில் முழங்காலளவு பனி கிடக்கும் படத்தை அனுப்பினார். சரி, அந்த வடக்குக்குப் போக முதல் எங்கள் மாவட்டத்தின் வடக்கு முனையில் கடல்நீர் ஏரியாகக் கிடக்கும் கொக்கிளாய்க் களப்பை வெயிலோடு பார்த்துவிடுவோம் என்றுதான் கிளம்பினேன். இங்கே மழை விட்டு, கடல் அடங்கி, மரமெல்லாம் பூக்கிற நேரம் இது.

பின்னால் இருந்தவள் றமீசா. கிண்ணியாக்காரி. ஒரே அலுவலகத்தில், பக்கத்துப் பக்கத்துக் கதிரையில், பதினொரு வருடம். அவர்கள் வீடுகளில் சகன் என்கிற பெரிய தட்டில் சோறு போட்டு நாலைந்து பேர் சுற்றியிருந்து உண்பார்கள். அந்தப் பழக்கத்தை அவள் எங்கள் அலுவலக அலுமாரியில் கிடந்த ஒரு எனாமல் தட்டுக்குக் கொண்டுவந்தாள். என் சோறு, அவளுடைய மீன்குழம்பு, ஒரே தட்டு. வெள்ளிக்கிழமை நான் மீன், மச்சம் தொடுவதில்லை என்பதால் அன்றைக்குக் கத்தரிக்காய்.

இனி என் புத்திசாலித்தனத்தைக் கேளுங்கள். விசா வந்ததை அவளுக்குச் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்கிடையில் பதவி விலகல் கடிதத்தை எழுதி, உள்வரும் தபால் தட்டில் வைத்துவிட்டேன். எங்கள் அலுவலகத்தில் உள்வரும் கடிதங்களைப் பதிகிறவள் யார்? றமீசா. அவள் வாசித்தாள், திகதி முத்திரை குத்தினாள், இலக்கம் போட்டாள், பெரியவரின் மேசைக்கு அனுப்பினாள். என்னோடு ஒரு கதையும் இல்லை.

அடுத்த நாள் தட்டு வெளியே வரவில்லை. பெருநாளுக்குப் பிறகு பிடிக்கிற ஆறு நோன்பு என்றாள். நோன்பு பிடிக்கிறவளோடு என்னத்தைக் கதைப்பது? நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழாம் நாள் பசியில்லை என்றாள், எட்டாம் நாளும் அதே. கொக்கிளாய்க்கு வாறியா என்று கேட்டபோது மட்டும் ஓம் என்றாள். அங்கே பூநாரை பார்க்க வேண்டும் என்று எத்தனையோ வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள்தான்.

நிலாவெளி 15 கிலோமீற்றர், 6.50. குச்சவெளி 7.20. நல்ல காபட் வீதி, வலப்பக்கம் கடல் வந்து வந்து போகும். குச்சவெளி தாண்டினால் கொன்றை பூத்து வீதியோரம் முழுக்க மஞ்சள். வழக்கமாக என் தோளைப் பிடித்துக்கொண்டு காதுக்குள் ஊர்க்கதை சொல்லி வருகிறவள், அன்றைக்குப் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். திரியாய்ச் சந்தியில் எருமைத்தயிர் ஒரு மண்முட்டி வாங்கினேன், 600 ரூபாய். அவளுக்குத் தயிர் என்றால் உயிர். லஞ்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புல்மோட்டை 55 கிலோமீற்றர், 8.15. தேநீர் இரண்டு, 160 ரூபாய். அதற்கப்பால் மணல் பாதை. இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினோம். 9 மணிக்குக் களப்பங்கரை. தண்ணீர் அசையவில்லை. தூரத்தில் கொக்குகள் கொஞ்சம், பூநாரை ஒன்றும் இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்று வீச்சுவலை எறிந்துகொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"அதுகள் போன கிழமையே போயிட்டுதுகள், தங்கச்சி," என்றார் அவர்.

இன்னும் நிற்கும் என்றுதானே எல்லாரும் சொன்னார்கள் என்று இழுத்தேன்.

"போறதுகள் சொல்லிப்போட்டோ போகும்?"

றமீசா என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், மூன்று கிழமைக்குப் பிறகு முதல் சிரிப்பு. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையோரம் இரண்டு மணித்தியாலம் நடந்தோம். நண்டுகள் ஓடின, காற்று உப்பாக வந்தது, வெயில் அவ்வளவு சுடவில்லை. பதினொன்றரைக்குத் திரும்பி வந்து, வலைக்காரருக்குக் கிட்ட ஒரு வேம்பின் கீழ் இருந்தோம். பூக்கள் தலையில் கொட்டிக்கொண்டிருந்தன. சாப்பாடு நான் கொண்டுவாறன் என்று முதல்நாளே சொல்லியிருந்தாள். பையைத் திறந்து இரண்டு சோற்றுப் பார்சலை எடுத்தாள். எனக்கொன்று, அவளுக்கொன்று. சோறு, மீன்துண்டு, எல்லாம் சரிசமமாகக் கட்டியிருந்தாள்.

"இவ்வளவு கோவமா?" என்று கேட்டேன்.

"கோவமில்ல," என்றாள். "இனி நான் தனியத்தானே தின்னணும். அதான் ஒரு நாள் பழகிப் பாப்பம் எண்டு கட்டினன்."

நோன்பென்றும் பசியில்லையென்றும் சொன்ன நாளெல்லாம் நான் கோபம் என்று எண்ணியிருந்தேன். அவள் பழகிக்கொண்டிருந்திருக்கிறாள். என் பார்சலை அப்படியே அவளுடைய பார்சலில் கவிழ்த்தேன். முட்டியை உடைக்காத குறையாகத் தயிரை மேலே ஊற்றினேன். மீன்குழம்பில் தயிர் ஊற்றுகிற விசரி என்று ஏசினாள். ஏசிக்கொண்டே முள் எடுத்த மீனை வழக்கம்போல் என் பக்கம் தள்ளினாள். நான் அழுதேன், அவளும் அழுதாள், வலைக்காரர் மரியாதையாக மற்றப் பக்கம் திரும்பி நின்றார்.

திரும்பி வரும்போது தோளைப் பிடித்துக்கொண்டாள். நிலாவெளி வரும்வரை கிண்ணியாக் கதை முழுக்கக் கேட்டேன்.

போக நினைக்கிறவர்களுக்கு: போய்வர 120 கிலோமீற்றருக்குக் கிட்ட. பெற்றோலை டவுனிலேயே நிரப்புங்கள், எனக்கு 900 ரூபாய் முடிந்தது. ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் வேண்டும். மணல் பாதையில் பாரம் ஏற்றாதீர்கள். பூநாரைதான் நோக்கம் என்றால் மாசியிலேயே போய்விடுங்கள். ஊரை விட்டுப் போகிறவர்களென்றால், கடிதம் எழுத முதல் பக்கத்துக் கதிரைக்குச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை தட்டு அலுமாரியிலிருந்து வெளியே வந்தது. அன்றைக்கு எனக்கு நான்கு வேலை நாட்கள் மிச்சம் இருந்தன. இதை எழுதும்போது ஒன்று. நாளை வெள்ளி, கத்தரிக்காய். அடுத்த திங்கள் அவள் எங்கே இருந்து சாப்பிடுவாள் என்று நான் கேட்கவில்லை.