தாய்மார்கள் மேல் எழுதிய வரி

சுகாதாரத் துறையில் அவருக்குப் 'புள்ளி அம்மா' என்று பெயர். கணக்கில் ஒரு புள்ளி இடம் மாறினாலும் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார். பிறவிக் குறைபாடுகள்தான் அவருடைய ஆராய்ச்சி.

அணுமின் நிலையத்தை ஒட்டிய ஊர்களில் பிரசவங்களை ஆராயப் போனபோது, ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு நோட்டை நீட்டினார். "படிவத்துல உயிரோட பிறந்துச்சா இல்லையான்னு ரெண்டே கட்டம் மேடம். முதுகெலும்பு மூடாம பிறந்ததுகள எங்க எழுதுறது? மனசு கேக்கல, தனியா எழுதி வச்சேன்."

ஐந்து வருடத்தில் முப்பத்தொரு குழந்தைகள். அதே அளவு பிரசவமும் அதே ஏழ்மையும் உள்ள தூரத்து ஊர்களில் ஒன்பதுதான். மூன்று முறை எண்ணிப் பார்த்துவிட்டு, கதிர்வீச்சை அளக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார்.

சுகாதாரத் துறை இயக்குநர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நிலையத்து மேல பழி போடுறீங்களா?"

"காரணம் தெரியாது சார். தெரிஞ்சுக்கத்தான் அளக்கச் சொல்றேன்."

யாரும் அளக்கவில்லை. அறிக்கை அச்சாகி வந்தபோது, அவர் எழுதாத ஒரு வரி அதில் இருந்தது: 'சத்து மாத்திரை சாப்பிடாத தாய்மார்களின் அலட்சியமே காரணம்.' கீழே அவருடைய பெயர்!

நர்ஸின் நோட்டை எடுத்துக்கொண்டு அவர் முப்பத்தொரு வீட்டுப் படியும் ஏறினார். நடக்க முடியாத மகளை மடியில் வைத்திருந்த ஒருத்தி கேட்டாள்: "ஒரு நாள் விடாம முழுங்குனேன்க்கா. இப்ப மாமியார் அந்த அறிக்கையச் சொல்லியே குத்திக்காட்டுறாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்?"

மாத்திரைப் பதிவேட்டைப் புரட்டினார். இருபத்தேழு பேர் மாதம் தவறாமல் வாங்கிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இயக்குநரிடம் அதைக் காட்டிய வாரமே, கொசு மருந்துக் கிடங்குக்கு மாற்றல் வந்தது. "கொசுவ எண்ணட்டும்" என்று இயக்குநர் சிரித்தாராம்.

அந்த வரியை நீக்கக் கேட்டுப் புள்ளி அம்மா நீதிமன்றம் போனார். "வேலை போயிடும்மா" என்றார் கணவர்.

"போகட்டுங்க. பொய்க்குக் கீழ என் பேரு நிக்குது."

வழக்கு ஏழு வருடம் இழுத்தது. கடைசியில் நீதிபதி இயக்குநரிடம் கேட்டார்: "எத்தனை வீட்டுக்குப் போய் விசாரிச்சீங்க?" ஒரு வீட்டுக்கும் போகவில்லை. அந்த வரியை நீக்க உத்தரவானது. புள்ளி அம்மா தீர்ப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், மாமியார்கள் காதில் விழும்படி உரக்கப் படித்தார்.

இயக்குநருக்குத் தண்டனையா? பதவி உயர்வு கிடைத்தது. கதிர்வீச்சை இன்றுவரை அளந்தபாடில்லை. ஓய்வு பெற்ற பிறகும் புள்ளி அம்மா மனு போட்டுக்கொண்டே இருக்கிறார். 'பாதுகாப்பு ரகசியம்' என்று போன வாரம் வந்த பதிலைக் கணவர் கசக்கி எறியப் போனார்.

"கசக்காதீங்க. மேல்முறையீட்டுல சேர்க்கணும்" என்று பிடுங்கிக்கொண்டார்.